ஒருத்தியின் பத்தியம்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அப்படித்தான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? சுரங்க முகாமில் இப்போது குளிரா, தூசியா? அடுப்புக்கு முன்னால் நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பாய்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன்.

இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அதனால் தொடர்கிறேன்.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து நான் பழுதுபார்க்க லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறுவதில்லை. உன்னிடம் சொல்லவில்லை. இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டுக்கு ஓர் எடை எல்லை உண்டு. அதைத் தாண்டிவிட்டேன். உதிரிப்பாகங்களும் பெல்ட்டுகளும் எங்கள் ஸ்டோர் அக்காவின் பொறுப்பு. கொக்கியைக் கையில் பிடித்தபடி அவர் சொன்னார்: “எனக்கு உன்னைப் பிடிக்கும்டி. பெல்ட்டுக்கு அந்த மாதிரி ஒண்ணும் கிடையாது.”

இப்போது மேசை வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அழைப்பார்கள். ஆள் வரும்வரை பேசிக்கொண்டிருப்பேன். ஸ்பேனர் பிடித்த கை ரிசீவர் பிடிக்கிறது.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. சம்மதம் கேட்கவில்லை. ஆனால் எழுது.

இப்படிக்கு,
குருவி


ஜனவரி 29

அன்புள்ள குருவிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள். லாரி வாரம் ஒருமுறைதான் வருகிறது, அதனால் தாமதம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் படிக்காதவன், சமையல்காரன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாயைக் கட்டினால் வயிறு தானாக அடங்கும். காலையில் நட. ராத்திரி பாதி சாப்பிடு. நல்லா இருக்கிற வயிற்றை யாராவது காசு கொடுத்து வெட்டிக்கொள்வார்களா? ஆழம் தெரியாமல் காலை விடாதே.

உன் உடம்பில் என்ன குறை? சின்ன வயதில் நீ குருவி மாதிரிக் கொறிப்பாய். உன் வாயில் ஒரு கவளம் போவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். அப்படிப் பார்த்த கண்ணுக்கு நீ இப்போது நன்றாகத்தான் இருக்கிறாய்.

இங்கே புதிதாக ஒரு கூட்டம் வந்திருக்கிறது, துளைபோடும் பிரிவு. மலையைத் தின்பவர்கள். உருளைக்கிழங்கு மூட்டை நான்கு நாளில் காலி. கறியில் எலும்பு போதவில்லை என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். “நாளைக்கு என் கையை வெட்டிப் போடறேன், போதுமா?” என்றேன். “வேணாம் மாஸ்டர், கொழுப்பு ஜாஸ்தி” என்கிறான்.

வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்


பிப்ரவரி 8

அண்ணா,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

வாயைக் கட்டச் சொல்கிறாய். கட்டியிருக்கிறேன். ஒரு வருஷம் மாவுப்பண்டத்தைத் தொடவில்லை. ஒரு வருஷம் சூரியன் சாய்ந்தபின் தண்ணீர் மட்டும். ஒருத்தி விற்ற பச்சைப் பொடியைக் கலக்கிக் குடித்து மேசைமேலேயே மயங்கினேன். ஒவ்வொரு தடவையும் எடை இறங்கியது. ஒவ்வொரு தடவையும், போனது வழியில் யாரையோ பார்த்துக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இரைப்பையின் பெரிய பங்கை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி தைத்துவிடுவார்கள். எடுத்தது எடுத்ததுதான். திரும்ப ஒட்ட முடியாது. குறுக்கு வழி இல்லை என்றும் சொன்னார். வாழ்நாள் முழுக்க அளந்து சாப்பிட வேண்டும், மாத்திரை போட வேண்டும். கருவி நாங்க தர்றோம், வேலை நீங்கதான் செய்யணும் என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்தது. கருவி என்றால் எனக்குப் புரியும்.

மனநல டாக்டரையும் பார்க்க வேண்டும், அது கட்டாயம். என்னைவிட வயதில் சின்னவர்.

“யாருக்காகப் பண்றீங்க?”

“எனக்காக.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.”

“அப்ப எல்லாருக்கும் அது உண்மையா இருக்கும்.”

அவர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை.

நீ இதை ஆழம் என்கிறாய். ஆழத்தில் வேலை செய்கிறவள் நான்.

குருவி


மார்ச் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. முகாமில் எல்லோரும் சுகம்தானே? லாரி நிற்கவில்லை என்று முகாம் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆக, நிற்பது நீதான்.

சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பெல்ட் மட்டும் காரணம் இல்லை. ஒரு பழைய கட்டடத்தில், லிஃப்ட் பள்ளத்துக்குள் இறங்கும் ஏணிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. மூன்று பேர் இழுத்தார்கள். சுவரில் எண்ணெய் ஊற்றினார்கள். மேலே நின்ற ஒருவன் கேட்டான்: “இதுக்கு எந்த நம்பருக்குப் போன் பண்றது?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விலா எலும்பு வலியை மறந்துவிட்டேன், அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. என்னுடையதை.

தூக்கப் பரிசோதனையும் முடிந்தது. தலையிலும் மார்பிலும் வயர் ஒட்டிப் படுக்கவைத்தார்கள். தூக்கத்தில் என் மூச்சு நின்று நின்று ஓடுகிறதாம். ஒவ்வொரு தடவையும் உடம்பு பதறி எழுந்து அதைத் திரும்ப ஓடவைக்கிறதாம். எனக்குத் தெரியாமலே தினமும் ராத்திரி நான் ஒரு ஆளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு துணை கேட்கிறார்கள். ஆபரேஷனன்று வெளியே இருக்க வேண்டும். பிறகு கொஞ்ச நாள் வீட்டில் கூட இருக்க வேண்டும். காகிதத்தில் துணை என்ற இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

நீ வருவாயா?

குருவி


மார்ச் 30

அன்புள்ள குருவிக்கு,

நலமே. உன் தூக்கத்தைப் பற்றிப் படித்தது முதல் எனக்கும் தூக்கம் சரியில்லை. அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

பெரிய அடுப்பு ரிப்பேராகி மூன்று நாள் ரொட்டி மட்டும்தான். பையன்களுக்கு முகம் சுண்டிவிட்டது. மெக்கானிக் வந்து ஒரு குழாயைக் கழற்றி ஊதினார், சரியாகிவிட்டது. மருந்தறையில் இருப்பவனும் நானும் சாயங்காலம் சீட்டாடுகிறோம். ஏமாற்றுகிறான். சாமான் அறைக்குப் புதுக் கதவு போட்டிருக்கிறார்கள், பூனை வராமல் இருக்க. பூனை ஜன்னல் வழியாக வருகிறது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். தேதி தெரிந்ததும் சொல். துணை என்ற இடத்தில் என் பெயரை எழுது.

உன் அண்ணன்


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதிவிட்டேன். பேனா அழுத்தியதில் காகிதம் பின்பக்கம் புடைத்துக்கொண்டது. என் சுகத்துக்கு என்ன குறை. நீ எப்படி?

தேதி கொடுத்துவிட்டார்கள், ஜூன் 4. அதற்குள் கழுத்துவரை வேலை. ஒரு கவளத்தைக் கூழாகும்வரை மெல்லப் பழக வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் கருவி தந்திருக்கிறார்கள், மூன்று அறை, மூன்று பந்து. மூச்சை இழுத்தால் பந்துகள் எழும்ப வேண்டும். நுரையீரலுக்கான பயிற்சி. முதலில் ஒரு பந்துதான் எழுந்தது. மற்ற இரண்டும் மேலதிகாரிகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. இப்போது இரண்டாவதும் எழுகிறது.

மேசையில் போனுக்கும் போனுக்கும் நடுவே ஊதுகிறேன், இல்லை, உறிஞ்சுகிறேன். ஸ்டோர் அக்கா வேடிக்கை பார்க்கிறார். “மூணாவது எழும்பினா உனக்குப் புது பெல்ட் எடுத்து வைக்கறேன்.” பெல்ட்டுக்கு மனசு வந்துவிட்டதா என்று கேட்டேன். “எனக்கு வந்துடுச்சு. பெல்ட்டுகிட்ட நான் பேசிக்கறேன்.”

மே 21 முதல் ஆபரேஷன்வரை திரவ உணவு மட்டும். கல்லீரல் இரைப்பைமேல் குடை மாதிரி கவிந்திருக்கிறதாம். அது சுருங்கினால்தான் கருவி உள்ளே போக வழி கிடைக்கும். அந்தக் குடையை மடக்கத்தான் பத்தியம். நடுவில் ஏமாற்றினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி அனுப்பிவிடுவார்களாம்.

நான் ஏமாற்ற மாட்டேன்.

குருவி


மே 2

அன்புள்ள குருவிக்கு,

அண்ணன் ஆசிகள். மூன்றாவது பந்து எழுந்ததா?

கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. திரவம் என்றால் என்னென்ன? பால் உண்டா? சூப் என்றால் வடிகட்டியதா, மசித்ததா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? மே 21 காலையிலிருந்தா, முந்தைய ராத்திரியிலிருந்தா? உப்பு போடலாமா?

காய்கறியை வேகவைத்த தண்ணீரை வீணாக்காதே. சத்து அதில்தான் இருக்கிறது. துணியில் வடிகட்டு, ஜல்லடையில் வேண்டாம்.

உன் அண்ணன்


மே 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்றால் பொய். பசி என்றால் அதுவும் முழு உண்மை இல்லை. முதல் இரண்டு நாள் தலைவலி. இன்று ஒரு மாதிரி வெளிச்சமாக இருக்கிறது, உள்ளே. பாத்திரம் கழுவிக் கவிழ்த்த மாதிரி. நீ கேட்டதெல்லாம் அன்றே எழுதி அனுப்பினேன், கிடைத்திருக்கும். நீ எப்படி இருக்கிறாய் என்று நீ எழுதுவதே இல்லை. கவனித்தாயா?

நேற்று மேசையில் ஒரு போன். ஏழாவது மாடிக்கும் எட்டுக்கும் நடுவில் ஓர் ஆள்.

“கையில சாப்பாட்டுப் பார்சல் இருக்கு மேடம். ஆறிடும்.”

“அப்ப சாப்பிடுங்க சார்.”

“லிஃப்டுலயா?”

“யார் பார்க்கப் போறா?”

பிறகு காகிதம் பிரிகிற சத்தம். வறுத்த கோழி, நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மெக்கானிக் போய்ச் சேரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, அது விதி. அவர் மென்றுகொண்டே இருந்தார். எலும்பைக் கடித்தார். விரலைச் சப்பினார். நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. “நல்லா இருக்கா சார்?” என்று கேட்டேன். “சூப்பரா இருக்கு மேடம், பயமே போயிடுச்சு.”

அதன்பின் என் டம்ளரில் இருந்த சூப்பைக் குடித்தேன். அவ்வளவுதான். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நான் இதைச் செய்துமுடிப்பேன் என்று.

உன் பஸ் 2ஆம் தேதி காலையில் வந்துவிடுமா? நானே வந்து நிற்கிறேன்.

குருவி


மே 27

குருவி,

நலம். எல்லாம் நலம். பையன்களுக்கு நாக்கு செத்துப்போய்விட்டது. நான்கு நாளாக ஒரே புகார். இன்று உப்பு இல்லையாம், நேற்று உப்பாம். “மாஸ்டர், கடல் தண்ணியில சமைச்சீங்களா?” என்கிறான் ஒருவன். என் கையால்தான் ஐந்து வருஷமாகத் தின்கிறார்கள்.

கொஞ்சம் கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருக்கும். குளிர்தான்.

நீ விட்டுவிடாதே. இன்னும் கொஞ்சம்தான்.

அண்ணன்


மே 30

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

வணக்கம். தங்கள் நலம் நாடுகிறேன். நாம் சந்தித்ததில்லை. முகாமின் மருந்தறையைக் கவனிப்பவன் நான். இங்கே என்னை எல்லோரும் ஊசி என்பார்கள். சீட்டில் ஏமாற்றுகிறேன் என்று உங்கள் அண்ணன் எழுதியிருப்பார். அது உண்மையில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் இப்போது நன்றாக இருக்கிறார்.

நேற்று முன்தினம் மதியம் சமையலறையில் விழுந்துவிட்டார். அடுப்புப் பக்கம் சாயாமல் மாவு மூட்டைகள்மேல் சாய்ந்தார். நாங்கள் போனபோது தலைமுதல் கால்வரை வெள்ளை. ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போட்டு ஏற்றினேன்.

இரண்டு வருஷமாக அவருக்குச் சர்க்கரை நோய். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் சமையல்காரர், அதையும் செய்துவிட்டார். 21ஆம் தேதி முதல் வடிகட்டிய சூப்பைத் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை. ருசி பார்க்கக்கூட இல்லை. உப்பை உத்தேசமாகப் போட்டிருக்கிறார். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் விழுங்கியிருக்கிறார்.

“உனக்கென்ன பைத்தியமா மாஸ்டர்?” என்று கேட்டேன். “எங்க வீட்டுல ஒருத்தர் பத்தியம்னா எல்லாரும் பத்தியம்” என்றார்.

விழுந்ததில் கணுக்கால் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறேன். இந்த மலைப்பாதையில் இப்போது அவரை அனுப்ப முடியாது. தங்களுக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் சீட்டில்தான் ஏமாற்றமாட்டேன்.

இதை உங்கள் கையிலேயே கொடுக்கும்படி லாரி ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன். பதில் தந்தால் அவரே கொண்டுவருவார்.

தங்கள்,
ஊசி


ஜூன் 1

அண்ணா,

உன் கடிதமும் ஊசியின் கடிதமும் ஒரே லாரியில் வந்தன. உன்னுடையதை முதலில் படித்தேன். குளிர்தான் என்று எழுதியிருந்தாய்.

ஓட்டுநர் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறார். அதனால் நலம் விசாரிக்க நேரமில்லை. உன் நலம் எனக்குத் தெரிந்துவிட்டது.

முகாம் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் வைத்தார்கள். பின்னால் பத்துப் பேர் மூச்சுவிடுவது கேட்டது. “நல்லா இருக்கேன்” என்றாய். பிறகும் அதையே சொன்னாய். பிறகு, “தள்ளிப் போடு, நான் வந்துடறேன்” என்றாய். அதற்கு நான் போனில் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். இங்கே சொல்கிறேன்.

தள்ளிப் போட மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் கேட்டேன். இதை விட்டால் அடுத்த தேதி மழைக்காலம் முடிந்துதான். அதுவரை தினமும் ராத்திரி என் மூச்சு நின்று நின்று ஓட வேண்டும். என் கல்லீரல் இப்போது சுருங்கியிருக்கிறது. அதைச் சுருக்கியது நான். நீ மயங்கி விழுந்ததால் அது ஒரு துளிகூட அதிகமாகச் சுருங்கவில்லை. படிக்காதவன் என்பாயே, இந்தக் கணக்குக்குப் படிப்பு வேண்டாம்.

அப்பா போட்ட சட்டம் அது, தெரியும். எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது வீடே உப்பில்லாமல் தின்றது. உனக்கு டைபாய்டு வந்தபோது நானும் ரொட்டியும் பாலும்தான். யாரும் தனியாகப் பட்டினி கிடக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். நல்ல மனுஷன். ஆனால் இது காமாலை இல்லை. இந்தப் பத்தியம் எனக்கு மட்டும். இதில் உனக்குப் பங்கு கிடையாது. கேட்டாலும் தர மாட்டேன்.

அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள், அம்மா வெளியே வரவில்லை. இத்தனை கடிதத்தில் நீ அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இருவருக்கும் அதுதான் பயம் என்று இருவருக்கும் தெரியும். டாக்டரிடம் அதையும் கேட்டேன். ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எவ்வளவு என்று சொன்னார். இப்படியே இருந்தால் எவ்வளவு என்றும் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்.

துணை என்ற இடத்தில் உன் பெயரை அடித்துவிட்டு ஸ்டோர் அக்கா பெயரை எழுதியிருக்கிறேன். அவர் லீவு போட்டு, பெட்டியோடு இங்கே வந்துவிட்டார். என் சமையலறையைப் பார்த்து, “இது என்ன, ஸ்பேர் பார்ட்ஸ் ரூமைவிட மோசமா இருக்கு” என்று அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

நீ எனக்காக ஒன்று செய்யலாம். ஒன்றே ஒன்று. 4ஆம் தேதி நான் உள்ளே இருக்கும்போது, நீ உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். அன்றைக்குத்தான். அந்த நேரத்தில்தான்.

ஓட்டுநர் இருமுகிறார்.

குருவி


ஜூன் 4

அன்புள்ள குருவிக்கு,

இதை எழுதும்போது நீ உள்ளே இருக்கிறாய். நான் நலம். மாத்திரை, ஊசி, கால் கட்டு எல்லாம் உள்ள நலம்.

நீ சொன்னதைச் செய்வது சுலபம் என்று நினைத்தேன். இன்று என்னைச் சமைக்க விடவில்லை. துளைபோடுகிறவன் ஒருவன், என்னைக் கடல் தண்ணீர் என்றவன், அவனே கரண்டி பிடித்தான். சோறு குழைந்துவிட்டது. பருப்பில் கருகல் வாசனை. எனக்கு எதிரில் ஊசி பரீட்சை மேற்பார்வையாளன் மாதிரி உட்கார்ந்தான். ஒன்பது மணிக்கு உன்னை உள்ளே கொண்டுபோவார்கள் என்று சொல்லியிருந்தாய். ஒன்பதுக்குத் தட்டு வந்தது.

முதல் கவளம் வாய்வரை போய் நின்றுவிட்டது. நாற்பது பேருக்கு ஊட்டின கை இது. என் வாய்க்குப் போக மாட்டேன் என்கிறது. அம்மாவுக்காக வெளியே காத்திருந்த அன்று நாம் இரண்டு பேரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, உனக்கு நினைவிருக்காது. சாப்பிடாமல் இருந்தது அவளுக்கு ஒன்றும் உதவவில்லை. இத்தனை வயதுக்கு அதை நான் இன்றுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

ஊசி, “மாஸ்டர், ஆறுது” என்றான்.

சாப்பிட்டேன். மென்று மென்று சாப்பிட்டேன், நீ பழகுகிற மாதிரி. அழுகை வந்தது, அதையும் சேர்த்து விழுங்கினேன். இரண்டாம் தடவை பரிமாற வந்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. பையன்கள் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த மாதம் கட்டுப் பிரித்ததும் நகரத்தில் சர்க்கரை டாக்டரைப் பார்க்க லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்படியே உன்னை வந்து பார்க்கிறேன்.

இங்கே நிறுத்தியிருந்தேன். அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நொண்டிக்கொண்டே போனேன்.

ஸ்டோர் அக்கா. சத்தமாகப் பேசுகிறார், போனே வேண்டாம். “தம்பி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. முழிச்சுட்டா. தண்ணி கேப்பான்னு பார்த்தேன். ‘எங்க அண்ணன் சாப்பிட்டானா’ன்னு கேக்கறா. என்ன சொல்லட்டும்?”

பின்னால் பையன்கள் எல்லோரும் நின்றார்கள். ஊசியும் நின்றான்.

“சாப்பிட்டான்னு சொல்லுங்க” என்றேன். “பொய் இல்லன்னும் சொல்லுங்க.”

உன் அண்ணன்